ஆடாத டிராம்

மூன்று மூட்டைகளையும் கிழித்தது நான்தான்.

மணல் மூட்டைகள். புது டிராமை ஜனங்களுக்கு விடுவதற்கு முன், ஆள் எடைக்கு மணல் ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். இருக்கைக்கு மூன்று மூட்டை. அறுபது இருக்கை. ஆறு பேர் விடிந்ததிலிருந்து சுமந்துகொண்டிருந்தோம்.

கடைசி இருக்கைக்கு உரிய மூன்றையும் டிப்போ சுவரோரம் வைத்துக் கொக்கியால் ஒரு இழு இழுத்தேன். மணல் கொட்டிப்போனது. மாற்றுச் சாக்கு இல்லை.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அவர் புத்தி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

“ஏம்மா, நீ ஏறி உக்காரு. மூணு மூட்டைக்கு நீ ஒருத்தி போதும்.”

“நாலுன்னு எழுதிக்குங்க மேஸ்திரி. அக்கா இப்பல்லாம் ஒரு சுத்து பெருத்துட்டா” என்றாள் கூடச் சுமக்கிறவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. வீட்டுக்காரர் சட்டையைப் போட்டு மறைத்திருந்தேன். தெரிந்தால் மறுநாள் வேலை கிடையாது.

வயிற்றில் இருப்பது இன்னும் அசையவில்லை. இந்த வாரத்துக்குள் அசைவு தெரியாவிட்டால் திங்கட்கிழமை வா, பார்க்கலாம் என்றாள் நர்ஸ். எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

அசைந்தாலும் எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்கு வரும் லாரி ஆடும். மணல் சலிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றால் பல்லே ஆடும். வீடு மாவு மில்லுக்கு மேல் மாடி. படுத்தால் கட்டில் ஆடும். எது வெளியே, எது உள்ளே?

புது டிராம் ஆடவே ஆடாது என்று டிப்போவில் பேசிக்கொண்டார்கள்.

பொய்யில்லை. கிளம்பியதே தெரியவில்லை. எதிர்ச்சுவர்தான் மெல்ல நழுவிப் போனது.

முழங்காலிலிருந்து கூரை வரை கண்ணாடி. தெரு தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல வந்தது. சவரக்கத்தியைத் தூக்கியபடி ஒருவர் எங்களைப் பார்த்தார். மாடியில் ஒருத்தி துணி பிழிந்தாள். நீர் விழும் சத்தம் மட்டும் வரவில்லை. ஸ்டாப்பில் நின்றவர்கள் கை காட்டினார்கள். நிற்காமல் கடந்தோம். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

என்னைச் சுற்றி மூட்டைகள், கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும் சொந்தக்காரர்கள் போலத் தோளோடு தோள் சாய்ந்து தூங்கின. வளைவு வந்தால் எல்லோரும் ஒன்றாகச் சாய்ந்தோம்.

சட்டைக்குள் கையை வைத்துக்கொண்டேன்.

முதலில் வாயு என்றுதான் நினைத்தேன்.

பிறகு இன்னொரு தடவை. குடத்துக்குள்ளிருந்து யாரோ விரலால் சுண்டியது போல.

“அடுத்த ஸ்டாப் தாண்டினதும் ஃபுல் ஸ்பீடு. அப்புறம் சடன் பிரேக்” என்றார் முன்னால் நின்ற இன்ஜினியர்.

இது எனக்குத் தெரியாது. மேஸ்திரி அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார். என்னை ஏற்றியதையே மறந்திருந்தார்.

எனக்கு எதிரே, சரியாக வயிற்று உயரத்தில், ஒரு இரும்புக் கம்பி.

பக்கத்துத் தூணில், இறங்குகிறவர்கள் மணி அடிக்கச் சிவப்புப் பொத்தான். அதுவரை யாரும் அதை அழுத்தியிருக்கவில்லை.

அழுத்தினேன்.

டிரைவர் முப்பது வருஷம் பழைய டிராம் ஓட்டியவர். மணி கேட்டதும் யோசிப்பதற்கு முன்பே அவர் கை வேலை செய்துவிட்டது. வண்டி பஞ்சு போல ஸ்டாப்பில் நின்றது. கதவு திறந்தது.

“எந்த மூட்டைடா பெல் அடிச்சது?” என்று திரும்பினார் மேஸ்திரி.

“புள்ளத்தாச்சி மூட்டை” என்றேன். சட்டையை இழுத்துப் பிடித்துக் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் என் இருக்கையைக் காட்டி மேஸ்திரியை உட்காரச் சொன்னார். நான் இறங்கிக்கொண்டேன்.

ஸ்டாப்பில் கூடையோடு நின்ற ஒரு அம்மா கேட்டாள், “வண்டி எப்படி இருக்கு?”

“ஆட்டமே இல்லம்மா.” அழுதுகொண்டே சொன்னதால் அவள் நம்பியதாகத் தெரியவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள்.

“இது எத்தனாவது?”

“மூணாவது.”

“மத்த ரெண்டையும் யார்கிட்ட விட்டுட்டு வேலைக்கு வர்ற?”

ரெண்டும் வயிற்றில் தங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தூரத்தில் டிராம் வீறிட்டு நின்றது.

இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். உள்ளே இருந்தது திடுக்கிட்டது.