சர்க்கரைதானா

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

இந்திராணி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் மகள் சாந்தினி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இந்த கிளினிக்குக்கு அவளைக் கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காலேஜ் படிக்கிற பெண், ஊசிக்குப் பயப்படுகிற குழந்தைபோல அழுதாள். எனக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒன்றுமில்லாமலா உடம்பு இப்படி ஊதும்? பின்கழுத்தில் அழுக்குப்போல ஒரு கறுப்பு. என்ன தேய்த்தாலும் போகவில்லை. சோறு தின்ற கையோடு மறுபடி பசி. போதாததற்குக் கொஞ்ச நாளாக எள்ளுருண்டை, வெல்லம், பப்பாளி.

அவள் புருஷன் துரைராஜுக்கும் பசியிலும் தாகத்திலும்தான் ஆரம்பித்தது. போன வருஷம் அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை இந்திராணியுடையது. புருஷனின் காலைத் தின்ற வியாதி மகளையும் தொட்டுவிடக் கூடாது என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தாள்.

சர்க்கரை பார்க்க வந்தால் வயிற்றுக்கு எதற்கு ஸ்கேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா படத்தை மேசைமேல் வைத்தார்.

"ரத்த டெஸ்ட்ல பார்த்தா சர்க்கரை ஆரம்பிச்சிருக்கு. உடம்புல இன்சுலின் நிறைய சுரக்குது, ஆனா சரியா வேலை செய்யல. அதான் வெயிட் ஏறுது, பசி அடங்க மாட்டேங்குது. கூடவே ஆம்பளை ஹார்மோனும் ஏறிப்போச்சு. சினைப்பை பூரா நீர்க்கட்டி. நாலு மாசமா பீரியட்ஸ் வராதது அதனாலதான்."

"நாலு மாசமா?" இந்திராணி திரும்பினாள். "என்னாண்ட சொல்லவேயில்லியேடி."

சாந்தினி அம்மாவைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கர்ப்பப்பைல ஒண்ணும் இல்ல. நடக்கணும், எடையைக் குறைக்கணும், மாத்திரையை விடக் கூடாது. பார்த்துக்கலைன்னா அப்பா மாதிரி…"

"சக்கரதானா டாக்டர்?" சாந்தினி குறுக்கிட்டாள். "வேற ஒன்னுமில்லியே? நல்லா பாத்தீங்களா?"

"நல்லாப் பார்த்துட்டேன்."

சாந்தினியின் தோள்கள் இறங்கின. விரலில் இருந்த துப்பட்டா தானாக அவிழ்ந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, முகம் முழுக்கச் சிரித்தாள். ஒரு காலை இழந்து வீட்டில் படுத்திருக்கும் அப்பனின் வியாதி தனக்கும் வந்துவிட்டது என்று கேட்ட பெண்ணின் சிரிப்பு.

டாக்டரம்மா தலையைக் குனிந்து மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

இந்திராணி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பயம் நகர்ந்து, அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது.

வெளியே வந்தார்கள். காஞ்சிபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இந்திராணி மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

ஏற விடாமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தப் பையன் எந்த ஊருடி?"