வலைத்தகட்டில் மோதிரவிரல்

மைசூரில், மாதா கோயிலில் இலவச அமெரிக்கப் பால்பவுடர் கொடுக்கும் அறையின் கதவில் ரோசலினின் மோதிரவிரல் மாட்டியிருக்கிறது. உள்தாழ்ப்பாளைத் தள்ளுவதற்காக வலைத்தகட்டின் கண்ணுக்குள் விட்ட விரல். கண்கள் உள்பக்கம் சாய்ந்திருப்பதால் போகும்போது வழுக்கிக்கொண்டு போனது, இழுத்தால் கடிக்கிறது. போன வாரம் அந்தத் தகட்டைச் சாய்வு தலைகீழாகக் கதவில் அடித்தவன் அவள் புருஷன், ஃபிட்டர் பிரகாசம். இப்போது அவனே அவள் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறான். தகட்டுக்கு அந்தப் பக்கம் கல்யாண மோதிரம் மின்னுகிறது. அதைச் சுற்றி விரல் நீலம் பாரித்து வீங்கிக்கொண்டே போகிறது. பிரகாசம் ரம்பத்தை ஒரு இழுப்பு இழுக்கிறான். கதவு முழுக்க அதிர, அவள் உதட்டைக் கடிக்கிறாள். ரம்பத்தைக் கீழே வைக்கிறான். உளியை எடுத்துப் பார்க்கிறான். சுத்தியல் அடி அவள் எலும்பில்தான் போய் இறங்கும். அதையும் வைக்கிறான். பால் வாங்க நிற்கும் பெண்களில் ஒருத்தி, "பேக மாடப்பா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்துகிறாள்.

"மோதிரத்தை வெட்டிடுங்க," என்கிறாள் ரோசலின். "சாமியார் மந்திரிச்சதுன்னு பார்க்காதீங்க."

"சும்மா இரு."

தகடு வெட்டும் கத்திரியை எடுக்கிறான். விரல் இருக்கும் கண்ணில் அதன் வாய் நுழைய இடமில்லை. பக்கத்துக் கண் வழியாக விட்டு, நடுவில் இருக்கும் கம்பியைக் கவ்வுகிறான். அவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். கத்திரி அவள் தோலில் படாதபடி அவன் சாய்த்துப் பிடிக்கிறான். பிறகு அழுத்துகிறான். டக்கென்று ஒரு சத்தம். கம்பியை வளைத்து விலக்க, இரத்தக் கோட்டோடு விரல் வெளியே வருகிறது. கண்ணைத் திறக்காமலே அவள் கேட்கிறாள்:

"எதை வெட்டினீங்க?"