இடப்பக்க டயர் மட்டும் தேய்ந்தது

"கள்ளன் இந்தக் காருக்குள்ளதான் இருக்கிறான்!"

பேரின்பநாயகம் போட்ட சத்தத்தில் சிராங்கூன் ரோட்டுக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்து, 'சியோனான்' என்று பெயரையே மாற்றியபோதுகூட அவை இப்படிப் பயந்ததில்லை.

அவர் மோட்டார் இலாகாவில் பெரிய கிளார்க். இலாகா கொடுத்த காரின் பின்பக்க இடது டயர் முன்னால், ஆபீஸ் கால்சட்டையோடு வீட்டு வாசலில் குந்தியிருந்தார். பெட்ரோல் இல்லாத காலம். பின்னால் ஒரு பீப்பாயில் கரி எரியும். முன்னால் கார் அந்தக் கரிப்புகையில் இருமிக்கொண்டே ஓடும்.

டயர் போனால் மாற்று டயர் கிடையாது. ஜப்பான் அதிகாரி கேள்வி கேட்பார். அறைந்துவிட்டுத்தான் கேட்கவே ஆரம்பிப்பார்.

"காத்து கம்மி ஐயா. நாலு அடி அடிச்சா சரியாப் போயிரும் லா," என்றார் டயருக்கு ஒட்டுப் போடும் சாகுல் ஹமீது, கையில் பம்போடு.

"விசர்க் கதை கதையாதேயும்! காத்துக் குறைஞ்சால் ரெண்டு ஓரமும் தேயும். கூடினால் நடு தேயும். இது ஓரம், நடு எல்லாம் மொட்டை! வலப்பக்கத்து ரயரைப் பாரும், சீப்பு மாதிரிப் பல்லோட சிரிக்குது."

"அப்ப சக்கரம் கோணலோ?"

"கோணல் எண்டால் ஒரு கரை மட்டும் அரம் மாதிரிச் சுரண்டும். தடவிப் பாரும்."

"பிரேக்கு புடிக்குதோ?"

"பிடிச்சால் சில்லு கொதிக்கும். நேற்று ஓடி வந்த கையோட தொட்டுப் பாத்தனான். வடிவாக் குளிர்ந்து கிடந்தது."

ஓரமாக நின்ற டிரைவர் மருதப்பன் குறுக்கே வந்தான். "பின்னாடி கரி அடுப்பு கனம் சாஸ்திங்க ஐயா."

"அடுப்பு நடுவில நிக்குது. ரெண்டு சில்லும் எல்லோ தேய வேணும்?"

"ஐயா தெனமும் இடப்பக்கந்தானே உக்காருறீங்க..."

பேரின்பநாயகம் துள்ளி எழுந்தார். "என்னையோ சொல்லுறாய்? ஊரெல்லாம் கறுப்புச் சந்தை அரிசிக்குப் பறக்கேக்க, முருகனுக்கு முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் செய்து, மரவள்ளி மாவில சீவிக்கிறவன் நான். எனக்கேதடா பாரம்?"

அந்த நேரம் பார்த்து அவர் வயிற்றுப் பொத்தான் ஒன்று தெறித்துச் சாகுல் ஹமீதின் மூக்கில் பட்டது.

ஊரில் ஆம்பளைகள் எல்லாம் இடுப்பு வாரில் புதுத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் கடைசித் துளையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கேட்டால், "கட்டுப்பாடான சீவியம்," என்பார்.

"இஞ்சாருங்கோ, ரயர் எங்கயும் ஓடிப் போகாது. ஆற முன்னம் சாப்பிடுங்கோ." மனைவி மனோரஞ்சிதம் ஆவி பறக்கும் பிட்டுத் தட்டோடு வந்தார்.

பேரின்பநாயகம் நின்றபடியே ஒரு பிடி வாயில் போட்டார். முகம் மலர்ந்தது. "சாகுல், மற்ற வீட்டு மரவள்ளிப் பிட்டை எடுத்து நீர் ரயருக்கு ஒட்டுப் போடலாம். எங்கட வீட்டுப் பிட்டு பூ! எல்லாம் கைப்பக்குவம். ஒரு வாய் பாக்கிறீரோ?"

சாகுல் ஹமீது கை நீட்டினார். தட்டு சடக்கென்று பின்வாங்கியது.

"அவர் வீட்டில சாப்பிட்டிருப்பார்," என்றார் மனோரஞ்சிதம்.

தட்டை அவரிடம் வாங்கி ஏந்தியபடியே காரைச் சுற்றி வந்த பேரின்பநாயகம் திடீரென்று நின்றார்.

"ஆளே ஏறேல்ல. கார் இடப்பக்கம் சாஞ்சு நிக்குது! அப்ப, சீற்றுக்குக் கீழ சாமான் கிடக்கு!"

"ஐயா, வேணாங்க..."

பின்பக்க இடது இருக்கையை ஒரு கையால் தூக்கினார். கீழே ஒரு சாக்கு மூட்டை. அமுக்கிப் பார்த்தார். அரிசி!

"அப்ப சுவா சூ காங் கிராமத்துப் பக்கம் கரி வாங்கப் போறன், கரி வாங்கப் போறன் எண்டது இதுக்கோ? மருதப்பன், உன்னை இண்டைக்கே மிலிட்டரிப் போலீசில ஒப்படைக்கிறன். 'பாக்கெரோ!' எண்டு ஜப்பான் பாஷையில ஏசிக் கன்னத்தில குடுத்தால் தெரியும்!"

மருதப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. கன்னத்தோடு விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கை கட்டிக்கொண்டு சொன்னான். "நாந்தாங்க ஐயா. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லீங்க."

"ஆருக்கு வித்தாய்?"

"விக்கலீங்க."

"அப்ப இவ்வளவு அரிசியையும் ஆர் தின்னது?"

மருதப்பன் தரையைப் பார்த்தான். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தான். சாகுல் ஹமீதும் தட்டைப் பார்த்தார்.

பேரின்பநாயகத்தின் தாடை பாதியில் நின்றது.

"அவனை ஏசாதேங்கோ. நான்தான் வாங்கிவரச் சொன்னது," என்றார் மனோரஞ்சிதம். "மரவள்ளி திண்ட முதல் கிழமையே வயிறு புண்ணாகி விழுந்தீங்கள். கற்பூரமும் அணைச்சுப்போட்டீங்கள். நான் என்ன செய்ய? அரிசியை இடிச்சு, மரவள்ளி எண்டு தந்தன்."

"அப்ப... நீர் என்ன சாப்பிடுறீர்?"

பேரின்பநாயகம் விறுவிறென்று சமையலறைக்குள் போனார். மனைவியின் கோப்பையில் சாம்பல் நிறத்தில் ஒரு மரவள்ளி மாவு உருண்டை. விரலால் தொட்டார். விரல் திரும்பி வர மறுத்தது.

தன் பிட்டில் பாதிக்கு மேல் அந்தக் கோப்பையில் தள்ளினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சாகுல், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? அடியும் காத்தை! காத்துக் குறைஞ்சால் ரயர் இப்பிடித்தான் மொட்டையாகும். இதுகூடத் தெரியாதோ?"

சாகுல் ஹமீது மூக்கைத் தடவிக்கொண்டே பம்பை மாட்டினார்.

பேரின்பநாயகம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மருதப்பன் காதருகே குனிந்தார்.

"அடுத்த முறை மூட்டையை வலப்பக்கச் சீற்றுக்குக் கீழ வை. ரெண்டு ரயரும் சமனாத் தேயட்டும்."