தலைப்பில் ஒரு லத்தீன் சொல்

ஹார்லன் மூன்றாவது தடவையாக டையைச் சரிசெய்துகொண்டார். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் சும்மாவா?

எதிரே செங்கல் கனத்தில் ஆய்வேடு. அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. அது போகட்டும், ஒரு வரி படித்ததும் இல்லை. அட்டையில் இருந்த தலைப்போடு சரி. இது மட்டும் வெளியே தெரிந்தால் ஒஹாயோ முழுக்கப் பேர் நாறிவிடும்.

மேசைக்கு அந்தப் பக்கம் லொரெட்டா. நரைத்த தலை, சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, ஆளை ஊடுருவும் பார்வை. எல்லோருக்கும் வீட்டிலிருந்தே மஃபின் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். ஹார்லன் மட்டும் அதைத் தொடவில்லை.

"ஆரம்பிக்கலாம், ஹார்லன்," என்றார் குழுத் தலைவர் எம்மெட், வாய் நிறைய மஃபினோடு.

ஹார்லன் கனைத்தார். நேற்று அகராதியில் தேடி எடுத்த ஒரே ஆயுதத்தை உருவினார்.

"தலைப்புலயே 'இப்ஸிலாட்டரலி'ன்னு ஒரு சொல். சுத்தமான லத்தீன்! இப்ஸேன்னா அதே, லாட்டஸ்னா பக்கம். அணிலோட மூளையில எந்தப் பக்கம் அடிபட்டுதோ, உடம்புலயும் அதே பக்கமாங்கிறது பொருள். கடைசியில ஒட்டியிருக்கிற 'லி' மட்டும்தான் இங்கிலீஷ் வால். தலையும் உடம்பும் அசல் ரோமாபுரி!"

ரோமாபுரியோடு நிற்கவில்லை. சிப்பாய்களின் கேடயம், விலா எலும்பு என்று போய்க்கொண்டே இருந்தார். நிறுத்தினால் ஆபத்து. எம்மெட் இரண்டாவது மஃபினை எடுத்தார்.

"ரொம்ப அழகு," என்றார் லொரெட்டா. "ஆராய்ச்சியில செத்த அணிலுக்கெல்லாம் இது தெரிஞ்சா பெருமைப்படும். அது இருக்கட்டும், மூணாம் அத்தியாயத்தோட முடிவு உங்களுக்குச் சரின்னு படுதா?"

"படுது. ஆணித்தரமா இருக்கு."

"எந்த முடிவுக்கும் வர முடியலைன்னுதானே அதுல இருக்கு?"

ஹார்லனின் முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. "அதைத்தான்... அந்த வரமுடியாமையைத்தான் ஆணித்தரம்னேன்."

லொரெட்டா கண்ணாடியைக் கழற்றி அவரையே பார்த்தார். எம்மெட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"போதும். இனி முடிவு பண்ண வேண்டியதுதான். கொஞ்ச நேரம் வெளியே இருங்க."

எல்லாம் முடிந்தது. ஹார்லன் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், கோட்டை எடுத்துக்கொண்டு கதவு வரை போய்விட்டார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க, டாக்டர்?" என்றார் எம்மெட். " நீங்க தேர்வாளர், வெளியே போக வேண்டியது லொரெட்டா!"