கசிவுக்கு முன் ஒரு சொல்

சரியாக அந்த இடத்தில் கடித்துவிட்டார்.

கடக்.

காலால் பெடலை அழுத்திப் பதிவைப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் கேட்டாள்.

மைட்ரல் வால்வில், கடக், கசிவு இருக்கிறது.

கடல் தாண்டி எங்கோ ஒரு இதய மருத்துவர் சிப்ஸ் தின்றுகொண்டே நோயாளியின் அறிக்கையைச் சொல்லிப் பதிவு செய்கிறார். திருச்சி தில்லை நகரில் ஒரு மாடியில் உட்கார்ந்து அதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்வது இவள் வேலை. அலுவலகம் முழுக்க அவருக்குச் சிப்ஸ் டாக்டர் என்றுதான் பெயர். அவர் ஃபைல் வருகிறது என்றால் ஆளாளுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்கள்.

இவள் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

வெண்ட்ரிக்கிள் என்ற சொல்லில் பாதியை அவர் விழுங்கிவிடுவார். வால்வுச் சுருக்கத்தைச் சொல்லும் ஸ்டெனோசிஸ் அவர் வாயில் பெருமூச்சாகத்தான் வரும். இதயத்தின் வலப்பக்கத்தைப் பற்றிச் சொல்லுமுன் மூச்சை இழுத்துக்கொள்வார். இடப்பக்கத்துக்கு அந்த மரியாதை கிடையாது. இவளுக்கு எல்லாம் அத்துப்படி.

காதில் விழாத சொல்லுக்கு ஒரு கோடு இழுத்து விட்டுவிடலாம். பிளாங்க் என்பார்கள். மற்றவர்கள் தங்கள் பிளாங்க்கைத் தூக்கிக்கொண்டு இவளிடம்தான் வருவார்கள். ஹெட்செட்டை மாட்டுவாள். கண்ணை மூடுவாள். சொல்லிவிடுவாள்.

பிளாங்க் விடாதவர்களின் பெயரை வாசல் பலகையில் எழுதி வைப்பார்கள். பொங்கலிலிருந்து அதில் இவள் பெயர் அழிந்ததில்லை. வீட்டுக்காரர் மெனக்கெட்டு வந்து பலகையைப் போட்டோ எடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார். மனுஷனுக்கு ஸ்டெனோசிஸ் என்றால் என்னவென்று தெரியாது. பெருமைக்கு அதெல்லாம் தெரிய வேண்டுமா என்ன?

இன்றைக்குக் கடக்.

கசிவு லேசானதா, கடுமையானதா? அந்த ஒரு சொல்தான் சிப்ஸோடு சேர்ந்து அரைபட்டுவிட்டது.

வேகத்தைக் குறைத்துக் கேட்டாள். சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். பக்கத்து நாற்காலி ரெஜினாவின் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னாள்.

"சிப்ஸ்தான்க்கா கேக்குது. உப்புப் போட்டதா, மசாலாவான்னு வேணா சொல்றேன்."

டீம் லீடர் ஞானசேகர் வந்து நின்றபடியே திரையைப் படித்தார். நோயாளிக்கு மூச்சிரைப்பு இல்லை. கால் வீக்கம் இல்லை. இதயம் பெரிதாகவில்லை.

"லேசுதாங்க மேடம். மைல்டுன்னு அடிச்சு அனுப்பிருங்க. இதுக்குப் போயி போர்டுல பேர அழிக்கணுமா?"

நியாயமாகத்தான் இருந்தது.

மைல்ட் என்று அடித்தாள். முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோல அந்தச் சொல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு முறை ஓட்டினாள்.

கடக்.

நோயாளி ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அறிக்கையில் அவ்வளவுதான் இருந்தது. அந்த மனிதரை இவள் எந்தக் காலத்திலும் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஆபரேஷனா, வெறும் மாத்திரையா என்று யாரோ முடிவு செய்யும்போது இந்தச் சொல்லைத்தான் பார்ப்பார்கள். அதை டாக்டர் சொல்ல வேண்டும். தான் சொல்லக் கூடாது.

பலகையை நினைத்தாள்.

அழித்தாள்.

கோடு இழுத்தாள்.

அனுப்பிவிட்டாள்.

ஞானசேகர் டஸ்டரை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

மறுநாள் ஃபைல் திரும்பி வந்தது. கோடு இருந்த இடத்தை டாக்டர் நிரப்பியிருந்தார்.

மைல்ட்.

ஞானசேகர் திரையைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா?

அவமானமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். இல்லை. காதில் விழாததை விழுந்ததாக எழுதவில்லை என்பதில் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரர் பலகையைத்தான் கேட்பார்.

வரிசையில் சிப்ஸ் டாக்டருடைய அடுத்த ஃபைல் நின்றது. ரெஜினா தண்ணீர் குடிக்க எழுந்தாள். இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

காதில் பாக்கெட் சரசரத்தது. இந்தப் புது நோயாளியின் வயது, ரத்த அழுத்தம், பழைய வியாதிகள் எல்லாம் கடக் மொடக்கென்று சிப்ஸோடுதான் வந்தன. மனுஷன் திருந்துகிற ஆளில்லை.

மைட்ரல் வால்வு வந்தது.

சரசரப்பு நின்றது.

மென்று விழுங்கும் சத்தம். தண்ணீர் குடிக்கும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாடரேட்," என்றார்.

சற்றுப் பொறுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல நிதானமாக, இன்னொரு முறையும் சொன்னார்.

"மாடரேட்."

அடித்தாள்.

பிறகு பெடலை அழுத்திப் பின்னால் ஓட்டினாள். கேட்டாள். மறுபடியும் ஓட்டினாள்.

தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்த ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னைக்கும் பிளாங்க்கா?"

இவள் ஹெட்செட்டைக் கழற்றி ரெஜினாவின் காதில் மாட்டிவிட்டு, பெடலை அழுத்தினாள்.