கடைசி ஆள்

புதியவர்களும் இறங்கலாம் என்று சொல்லப்பட்ட பள்ளத்தாக்குதான். பாறை இடுக்கில் மூன்று செங்குத்துச் சரிவுகள். ஒவ்வொன்றிலும் கயிற்றில் தொங்கித்தான் இறங்க வேண்டும். கால் தரையில் பட்டதும் இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு, “கயிறு காலி, வரலாம்!” என்று மேலே நிற்பவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். தனக்கும் கணவருக்குமாக இரண்டு பேருக்குப் பதிவு செய்துவிட்டுத் தனியாக வந்திருந்த வைதேகி, கூட்டத்தில் கடைசியாக இறங்கினாள். இறங்கியவள் அண்ணாந்து குரல் கொடுத்தாள்.

“அக்கா, நீங்கதான் கடைசி. மேல யாரும் இல்ல,” என்று சிரித்தான் வழிகாட்டி ஜெபசிங். மேலே வளையத்தில் இரட்டையாகக் கோத்திருந்த கயிற்றைக் கீழிருந்தே உருவிச் சுருட்டிக்கொண்டான். கயிறு போய்விட்டால் திரும்பி ஏற வழி கிடையாது.

இரண்டாவது சரிவிலும் அவள் குரல் கொடுத்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவதில், அவள் குரல் பாறைகளில் மோதி அடங்கியபின் ஜெபசிங் கயிற்றை இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து இழுத்தான். ஆள் பாரம் தொங்குவதுபோல் அது விறைத்து நின்றது.

“எங்கேயோ மாட்டிக்கிச்சு.”

வைதேகி அவன் கைமேல் கை வைத்தாள்.

“இழுக்காதீங்க தம்பி. அவருக்கு உயரம்னா பயம். மெதுவாத்தான் வருவாரு.”