ஆறு மணிக்குள் ஒரு சாவி

“ஆறு மணிக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?” கருப்பணன் மூன்றாவது முறையாகக் கேட்டார். “பாண்டியராஜ் வர்ற நேரம். என் சம்சாரம் வேற நாலு நாளா ஒரு பருக்கை தொடல.”

கார் சாவி செய்து கொடுக்கும் கிதர் முகம்மதுவுக்குச் சங்கதி புரிந்துவிட்டது. மகனின் கார் சாவியைப் பெரியவர் சட்டைப் பையோடு வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்திருக்கிறார். மகன் வீட்டை ரெண்டு பண்ணியிருப்பான், அம்மா கோபித்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாள். பெற்றவர்களை அதட்டுவதற்கென்றே இந்தக் காலத்துப் பிள்ளைகள் கார் வாங்குகிறார்கள் போலிருக்கிறது.

“முடிஞ்சிரும்யா. மெஷின்ல சுத்துனதுல உள்ள இருந்த சிப்பு, ரிமோட்டு ரெண்டும் செத்துருச்சு. புதுச் சாவிய வண்டிக்கு அடையாளம் காட்டிவிடணும், அம்புட்டுதான்.”

திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்புக்கு இந்த ஒரு சாவிக்காக வந்திருந்தான் கிதர். வத்தலக்குண்டில் இன்னொரு வண்டிக்காரர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் நின்ற காரின் கண்ணாடியில் சருகு அப்பிக் கிடந்தது. முன் டயர் இரண்டும் காற்றிறங்கிச் சப்பையாக இருந்தன. பேனட்டைத் திறந்தால் பேட்டரி மட்டும் புத்தம் புதிது.

“காத்துகூட அடிக்காம எப்பிடிய்யா ஓட்டுறாரு உங்க மகன்?”

கருப்பணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டு, கிதர் ஸ்டீரிங்குக்குக் கீழே தன் கருவியின் ஒயரைச் செருகினான்.

“மொதல்ல சிப்பப் பதியணும். அப்பத்தான் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ரிமோட்டு பெறகு.”

“ஸ்டார்ட் ஆகாட்டிப் போகுது தம்பி. பட்டன அமுக்குனா கீக் கீக்குன்னு கத்துமே, அது வரட்டும் மொதல்ல.”

கிதருக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருடத் தொழிலில், கார் ஓட வேண்டாம், கத்தினால் போதும் என்று கேட்ட ஆள் இவர் ஒருவர்தான். மகனுக்கு இவ்வளவு பயப்படுகிறாரே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

ஜன்னல் வழியே கூடம் தெரிந்தது. பெரியவரின் மனைவி மூக்காயி சோற்றுச் சட்டியையும் தொட்டுக்கொள்ள வெஞ்சனக் கிண்ணத்தையும் தரையில் கொண்டுவந்து வைத்தாள். சேலைத் தலைப்பால் இரண்டு தட்டுகளைத் துடைத்து எதிரெதிரே போட்டாள். பிறகு சுவரில் சாய்ந்து வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தபோது கருவி வேலையை முடித்தது. “ஆச்சுய்யா, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோம்” என்று கிதர் சொல்லி முடிப்பதற்குள் கருப்பணன் சாவியைப் பறித்துக்கொண்டார்.

அவர் நேரே கேட்டுக்குப் போனார். கேட்டைச் சத்தமாகத் திறந்தார், சத்தமாகச் சாத்தினார். பிறகு பட்டனை அமுக்கினார்.

கீக் கீக்.

“வந்துட்டியா அப்பு?” உள்ளேயிருந்து மூக்காயியின் குரல் கேட்டது. “கைகால கழுவிட்டு வாப்பா.”

கிதர் கேட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான். தெருவில் ஈ காக்கை இல்லை.

“அவன் குளிக்கப் போயிட்டான், நீ சோத்தப் போடு. இந்தா வாரேன்” என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார் கருப்பணன். திரும்பி வந்து கிதரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“பாண்டியராஜ் போயி எட்டு மாசமாச்சு தம்பி. சினேகிதக்காரனோட பைக்குல போனவன், வீடு வந்து சேரல.”

செத்துப்போன பிள்ளையையா இவ்வளவு நேரமும் மனதுக்குள் வைதுகொண்டிருந்தோம் என்று கிதருக்குக் கூசியது.

“அவளுக்கு அதுக்கு முந்தியே நெனப்பு தப்பிப்போச்சு. மூணு தடவ சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அன்னைக்குத்தான் அவன் செத்தாப்புல விழுந்து பொரண்டு அழுதா. மறுநாளு எந்திரிச்சு, அப்பு எங்கன்னு கேட்டா. நாலாவது தடவ சொல்ல எனக்குத் தெம்பில்ல தம்பி.” அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். “இந்தச் சத்தம் கேட்டா வந்துட்டான்னு ரெண்டு வாய் திம்பா. செத்த நேரத்துல அதையும் மறந்துருவா.”

முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நெடுநேரம் நிற்கவில்லை. கிதர் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்தான். வத்தலக்குண்டு போன் மறுபடி அடித்தது, அவன் எடுக்கவில்லை.

மூக்காயி ஒரு செம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். கிதர் வாங்கிக் குடித்தான். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, “குளிச்சிட்டு இப்ப வந்துருவாரும்மா உங்க மகன்” என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். கொல்லையில் தண்ணீர் இன்னும் விழுகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மொதல்லதான் தம்பி மறந்துச்சு. இப்ப மறக்க மாட்டேங்குது.”

கிதர் செம்பைத் திருப்பி நீட்டினான். “அப்ப, அய்யாகிட்ட…”

“சொல்லிராதப்பா. நான் நம்புறேன்னுதான் அந்த மனுசன் இன்னும் உசுரோட இருக்காரு.”